நாற்பது கிராம் முருங்கைச் சக்கை

புன்னைமூடு லேனில் குப்பை போட்டதற்காக இன்றுவரை யார் வீட்டிலும் தண்ணீர் நிறுத்தப்பட்டதில்லை. போடாததற்காக நிறுத்தப்பட்டது. அந்தப் பெருமை அழகியநம்பி வீட்டுக்கு உரியது.

அழகியநம்பிக்குச் ‘சாலை’ என்கிற கடைத்தெருவில் வத்தல், அப்பளம், பெருங்காயம் விற்கிற கடை. பூர்வீகம் வள்ளியூர்ப் பக்கம். திருவனந்தபுரத்தில் இருந்து இருந்து, தமிழ் பேசினால் மலையாளி என்றும் மலையாளம் பேசினால் பாண்டிநாட்டுக்காரர் என்றும் சொல்கிற நிலைக்கு வந்துவிட்டார். மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று. வீட்டில் அவரும் மனைவி நீலாம்பாளும் மட்டும்.

லேனில் உள்ள எல்லா வீட்டுக்கும் தண்ணீர் ரெசிடென்ட்ஸ் அசோசியேஷனின் ஒரே போர்வெல்லிலிருந்து வருகிறது. வாசலுக்கு வாசல் ஒரு வால்வு. வால்வைத் திருகுகிற இரும்புச் சாவி அசோசியேஷன் தலைவர் பட்டாபியின் பூஜை அறையில் வெங்கடாசலபதிக்குப் பின்னால் சாத்தி வைக்கப்பட்டிருக்கிறது. பட்டாபி சர்க்கார் உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகு சிலருக்குச் சர்க்கரை வரும், சிலருக்குப் பக்தி வரும். பட்டாபிக்குத் தலைமை வந்தது.

அவர்தான் ‘அக்ஷயமண் சமூக உர இயக்க’த்தை லேனுக்குக் கொண்டுவந்தார். பிள்ளைகள் ஷட்டில் ஆடிக்கொண்டிருந்த மூலையில் தகரக் கொட்டகை போட்டு, உள்ளே மூன்று பெரிய தொட்டிகள். வீட்டுச் சமையல் மிச்சத்தை எல்லாரும் தினமும் கொண்டுவந்து போடவேண்டும், அது மக்கி உரமாகும் என்பது ஏற்பாடு. கேட்க ஒரு குறையும் இல்லாத ஏற்பாடு. குறை வேண்டுமென்றால் அதற்கு ஒரு கமிட்டி போட வேண்டும், போட்டார்கள்.

திறப்புவிழாவில் நிலவிளக்கு ஏற்றினார்கள். தொட்டிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மக்க வைக்கிற நுண்ணுயிர்க் கரைசலைப் பட்டாபி மாவிலையால் தொட்டுத் தொட்டியின் மேலும், முன்வரிசையில் இருந்தவர்களின் மேலும் தெளித்தார். பிறகு சிறப்பு விருந்தினர் முதல் மிச்சத்தைப் போடவேண்டும். அப்போதுதான் யாரும் மிச்சம் கொண்டுவரவில்லை என்பது தெரிந்தது. ஒரு கணம் மேடை தடுமாறியது. உடனே விருந்தினர் தாம்பாளத்தில் இருந்த ஏத்தவாழைப்பழச் சீப்பை எடுத்து, உரிக்காமலே, முழுசாகத் தொட்டிக்குள் போட்டார். கைதட்டல் நின்றபாடில்லை.

“தோலைப் போட்டுட்டுப் பழத்தத் தின்னுருக்கலாம்லா?” என்றார் அழகியநம்பி, மனைவியின் காதில்.

“தோலை எதுக்குப் போடணும்?” என்றாள் நீலாம்பாள்.

பட்டாபி பேசினார். “சாப்பிடறது பாதி வேலைதான். மீதி வேலையை இந்தத் தொட்டி பண்ணப்போறது. குப்பைன்னு ஒண்ணு உலகத்துல கிடையாது. இனிமே இந்த லேன்ல அந்த வார்த்தையே கூடாது. ‘வளம்’னு சொல்லணும். இத்தனை நாள் ஒருத்தர் என்ன படிச்சிருக்கார், என்ன உத்தியோகம்னு பார்த்து மரியாதை பண்ணினேன். இனிமே என்ன மிச்சம் வைக்கறார்னுதான் பார்ப்பேன்.”

அடுத்து ஒருங்கிணைப்பாளர் ஸ்ரீஜித். கழக்கூட்டம் ஐ.டி. பூங்காவில் சாஃப்ட்வேர் வேலையை விட்டுவிட்டு மண்ணைக் காப்பாற்ற வந்த பையன். தமிழ் சினிமாவில் கற்ற தமிழில் விதிகளை வாசித்தான். ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு முந்நூறு கிராம் வளம் என்பது சயன்ஸ். அந்தக் கணக்குப்படி கொண்டுவருகிற வீட்டுக்குப் பச்சை அட்டை. கணக்கு வராத வீட்டுக்குச் சிவப்பு. “சிவப்புன்னா?” என்று யாரோ கேட்டார்கள். ஸ்ரீஜித் பட்டாபியைப் பார்த்தான். பட்டாபி தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார்.

மறுநாள் காலை அழகியநம்பி ஒரு வாளியோடு கொட்டகைக்குப் போனார். தராசுக்குப் பின்னால் ரெம்யா உட்கார்ந்திருந்தாள். கையுறை, முகமூடி, கழுத்தில் அடையாள அட்டை.

“அண்ணாச்சி, இதென்ன, நாற்பது கிராமே உள்ளூ! பாக்கி எவிடே?”

“பாக்கி இல்ல மோளே. குப்பை அவ்வளவுதான்.”

“வளம்.”

“வளம் அவ்வளவுதான்.”

வாளியின் அடியில் மென்று துப்பிய முருங்கைக்காய்ச் சக்கை கிடந்தது. நீலாம்பாள் சமையலில் அதுவொன்றுதான் மிஞ்சும். அதை வாளியில் போட்டுக் கொடுப்பதற்கே அவள் அன்று காலை பெரிய சண்டை போட்டிருந்தாள். “எச்சிலைக் கொண்டுபோயித் தராசுல வைக்கணுமாக்கும்? அந்தப் பொம்பளப்பிள்ளை அதத் தொட்டு எடை போடணுமாக்கும்? எந்த ஊரு நியாயம் இது?” அவர் வாதாடி வாங்கிக்கொண்டு வந்தார். இங்கே வந்து பார்த்தால், எச்சில் பட்டதற்கு இயக்கத்தில் இரட்டைப் புள்ளி என்று பலகையில் எழுதியிருந்தது. இரட்டித்தும் போதவில்லை.

இரண்டு நாள் பார்த்துவிட்டு ஸ்ரீஜித் வீட்டுக்கே வந்தான். கையில் டாப்லெட், பின்னால் ரெம்யா. ‘வளத் தணிக்கை’ என்றான்.

“சயன்ஸ் பிரகாரம் உங்க ரெண்டு பேருக்கும் தினம் அறுநூறு கிராம் வரணும், அங்கிள். வரலை. அப்போ எங்கேயோ போகுது. ஓடையிலயா, பக்கத்து காம்பவுண்டிலயா? அதைக் கண்டுபிடிக்கணும், அல்லே?”

“முதல்ல உக்காந்து ரெண்டு தோசை தின்னு தம்பி. முகம் வாடிக் கிடக்கு” என்றாள் நீலாம்பாள்.

தணிக்கைக்கு வந்த இடத்தில் தின்னக்கூடாது என்று விதியில் இல்லாததால் தின்றான். இரண்டு என்பது நான்காயிற்று.

“ஆன்ட்டி, இது சூப்பர் கேட்டோ. இன்னும் கொஞ்சம் போடுங்க. என்ன சட்னி இது?”

“தொவையல்.”

“எதோட தொவையல்?”

“பீர்க்கங்காத் தோலு.”

வாய்க்குப் போய்க்கொண்டிருந்த கை வழியில் நின்றது.

“தோலா?”

“தோலுதான். காயி கூட்டுல போயிட்டு. வித்தும் பஞ்சும் அதுக்குள்ளயே கரைஞ்சிரும்.”

“அப்போ அந்த வாழைக்காய்ப் பொரியல்…”

“அது வாழைக்காத் தோலு. பயறு போட்டு வதக்கினது. இப்பத்தானே ரெண்டு தடவை வாங்கித் தின்னே.”

ஸ்ரீஜித் எழுந்தான். கை கழுவினான். முகம் மாறியிருந்தது, கொலை நடந்த அறையில் தானும் காப்பி குடித்துவிட்டோம் என்று உணர்கிற போலீஸ்காரனின் முகம். அடுக்களையை ஒவ்வொரு பாத்திரமாகத் திறந்து பார்த்தான். கொத்தமல்லித் தண்டு ரசத்தில் இருந்தது. பூசணிக்குடல் துவையலுக்கு வதங்கிக்கொண்டிருந்தது. பழைய சோறு வடகமாகி மொட்டைமாடியில் காய்ந்தது. பலாக்கொட்டை மண்ணில் புதைத்துக் காக்கப்பட்டிருந்தது. புளிச்சக்கை செம்புக்குடம் விளக்கக் காத்திருந்தது.

“ஆன்ட்டி, இது டைவர்ஷன். மையத்துக்கு வரவேண்டிய வளத்தை வழியிலயே மறிச்சு எடுக்கறீங்க.”

“யாரு மறிச்சா? எங்க வீட்டுக் காயி தம்பி.”

“காய் உங்களோடது. தோல் சமூகத்தோடது.”

நீலாம்பாள் கணவரைப் பார்த்தாள். கணவர் ரெம்யாவைப் பார்த்தார். ரெம்யா துவையல் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொல்லைப்புறத்தில் இன்னும் பெரிய குற்றம் கிடைத்தது. அங்கே ஒரு கறிவேப்பிலை மரம். அதன் தூரில் வடிகட்டிய தேயிலைச் சண்டும், பழைய முருங்கைச் சக்கையும், சருகும் கிடந்து கறுப்பாகப் பொடிந்திருந்தன. ஸ்ரீஜித் குச்சியால் கிண்டினான். மண்புழு நெளிந்தது.

“இது என்னவாணு அங்கிள்?”

“மரத்துக்கு ஒரம்.”

“உரம்னு எனக்குத் தெரியும். லைசென்ஸ் இருக்கா?”

அன்றே முடிவு வந்தது. வளத்தை மடைமாற்றியது ஒன்று. அனுமதி பெறாமல் உரமாக்கியது இரண்டு. வாசலில் சிவப்பு அட்டை ஒட்டப்பட்டது. குற்றம் தொடராமல் இருக்க, கறிவேப்பிலை மரத்தின் தூரைச் சுற்றி அசோசியேஷன் செலவில் சிமெண்ட் பூசினார்கள். பட்டாபி இரும்புச் சாவியோடு வந்து, ‘கோவிந்தா’ என்று சொல்லிக்கொண்டே வால்வைத் திருகினார். நீலாம்பாள் குழாயடியில் வைத்த குடம் கால்வாசியோடு நின்றது.

அன்றிலிருந்து தண்ணீருக்குப் பாடு. பக்கத்து வீட்டுச் சரஸ்வதியம்மாள் கொல்லை வழியாக இரண்டு குடம் விடுவாள். அதிலும், “சத்தம் போடாம எடுத்துக்கோ நீலா, எனக்கும் செவப்பு ஒட்டிருவான்” என்பாள். அழகியநம்பி சாலைக் கடைத்தெருவுக்குப் போய்க் கடைக்குப் பின்னால் பொதுக் குழாயில் குளித்தார். ஈர வேட்டியோடு நின்றபடி யோசித்துப் பார்த்தார். தன் வாழ்க்கையில் செய்த குற்றம் என்ன என்று அவருக்குப் புரியவில்லை. பீர்க்கங்காய் தின்றது ஒன்றுதான் ஞாபகம் வந்தது.

பட்டாபியிடம் முறையிடப் போனார். பட்டாபி ஊஞ்சலில் இருந்தார்.

“உட்காருங்கோ நம்பி. நீங்க நல்ல மனுஷர். அதுதான் பிரச்னை. தப்புப் பண்றவனைத் திருத்திடலாம். தப்பே பண்ணாதவாளை வச்சுண்டு ஒரு ஸ்கீமை எப்படி ஓய் நடத்தறது?”

“சாரே, எங்க வீட்டுல மிச்சம் வரலைன்னா நான் என்ன செய்யதுக்கு?”

“வரணும். எல்லார் ஆத்துலயும் வரது. எங்காத்துலயும் ரெண்டு பேர்தான், நானும் சாவித்ரியும். தினம் ரெண்டு கிலோ வரது. எப்படி? கமிட்மென்ட்! காய்கறி நிறைய வாங்கி ஃப்ரிட்ஜுல வைக்கறோம். அழுகற வரைக்கும் பொறுமையாக் காத்துண்டிருக்கோம். எனக்கு மட்டும் வெண்டைக்காய் பிடிக்காதா? தியாகம் பண்றேன்.”

“அழுகாமத் தின்னா…”

“நம்பி, என் சர்வீஸ்ல நான் கத்துண்டது ஒண்ணு. ஸ்கீம் வேலை பண்றதான்னு ஒருத்தனும் கேக்கமாட்டான். டார்கெட் வந்துதான்னு கேப்பான். டார்கெட் வந்துட்டா ஸ்கீமே வேண்டாம். நான் ரிட்டயர் ஆன அன்னிக்கு எல்லா டார்கெட்டும் நூறு பெர்சன்ட். ஒரு வேலையும் நடக்கலை. மாலை போட்டு அனுப்பினா.”

உள்ளே இருந்து சாவித்ரி மாமியின் குரல் வந்தது. “அவருக்குக் கொஞ்சம் தண்ணியாவது கொடுங்கோளேன்.”

“சிவப்பு அட்டை” என்றார் பட்டாபி, வருத்தத்தோடு.

அழகியநம்பி வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். “நாமளும் கொஞ்சம் வீணாக்கிப் பழகணும், நீலா. வேற வழியில்ல.”

நீலாம்பாள் பூசணிக்காயை எடுத்து அரிவாள்மணை முன்னால் உட்கார்ந்தாள். தோலைக் கனமாக எடுக்கவேண்டும் என்பது தீர்மானம். கை கேட்கவில்லை. காகிதம் மாதிரி வந்தது தோல். “எனக்கு இது வராதுங்க. நீங்க சீவுங்க, நான் பாக்கல” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் சீவினார். அவள் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாவது சீவலுக்குத் திரும்பிவிட்டாள்.

“அய்யோ, இம்புட்டுக் கனமாவா! இங்க தாங்க. கையி வெளங்குமா உங்களுக்கு!”

அன்று பூசணித்தோல் பச்சடியாயிற்று.

சாலைச் சந்தையில் மிச்சம் விலைக்குக் கிடைக்குமா என்று கேட்டுப் பார்த்தார். முன்பெல்லாம் முட்டைக்கோஸின் வெளி இலையைக் காலால் தள்ளிவிட்டு வியாபாரம் பார்ப்பார்கள். இப்போது அது கட்டுக் கட்டாகத் தனித் தட்டில் இருந்தது. கோஸைவிட இலைக்கு விலை கூடுதல். புன்னைமூடு லேனைப் பார்த்து நாலைந்து நகர்களில் இயக்கம் பரவியிருந்தது. எல்லா ஊர்க்காரர்களும் மிச்சம் வாங்கச் சந்தைக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

“அண்ணாச்சிக்கு எதுக்கு? பச்சையக் காப்பாத்தவா, செவப்ப மாத்தவா?” என்று காய்கறிக்காரர் தொழில்முறையில் கேட்டார்.

“மாத்த.”

“அப்ப காலிஃபிளவர் தண்டு எடும். கனம் நிக்கும். கீரைய நம்பிப் போனீருன்னா, லேனுக்குப் போகதுக்குள்ள வாடி எடை போயிரும். போன வாரம் ஒரு டாக்டர் ஏமாந்துட்டாரு.”

தண்டை வாங்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனார். ரெம்யா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அண்ணாச்சி, இது வீட்டில் உண்டானதல்ல, அல்லே? வெட்டு எல்லாம் ஒரே அளவு. கடைக்கத்தி.”

“எப்பிடி மோளே கண்டுபிடிச்சே?”

“தினம் இதுதானே பாக்கறேன். நான் விடலாம். ஸ்ரீஜித் சார் கேமராவில் பாக்கும். இறக்குமதி வளம்னு எழுதினா, உங்க கார்டு கறுப்பாகும்.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “அந்தத் தொவையல் எப்படி அண்ணாச்சி, தேங்கா சேர்க்கணுமோ?”

அந்த மாதக் கடைசியில் பரிசளிப்பு. ‘வளநாயகர்’ விருது வாடகை ஃபிளாட்டில் இருக்கிற அனூப்–ஷில்பா தம்பதிக்கு. இருவரும் கழக்கூட்டத்தில் வேலை பார்க்கிறார்கள். வீட்டில் அடுப்புப் பற்றவைத்ததில்லை. ஃபோனில் வரவழைத்து, பாதியைத் தின்று, பாதியை அப்படியே கொண்டுவந்து போடுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டி திறக்காத பிரியாணி இரண்டு போட்டிருந்தார்கள். அனூப் மேடையில் பணிவாகச் சொன்னான். “இதுக்காக நாங்க தனியா ஒண்ணும் செய்யலை. எப்பவும் இப்படித்தான் இருந்தோம். இப்போதான் சமூகம் எங்களைப் புரிஞ்சுக்கிட்டது.” பரிசாக ஒரு பிரஷர் குக்கர் கொடுத்தார்கள். அவன் அதை எந்தப் பக்கம் திறப்பது என்று பார்த்துக்கொண்டே இறங்கினான்.

இப்படிப் போட்டதெல்லாம் உரமாயிற்றா என்று கேட்கலாம். ஆகவில்லை. ஒரு தொட்டியை நிரப்பி மூடி வைத்தால்தான் மக்கும். மூடினால் அன்றைய எடை குறையும். எடை குறைந்தால் டார்கெட் போகும். எனவே மூன்று தொட்டிகளும் என்றென்றும் திறந்தே இருந்தன. மேலே புதுசு விழ விழ, கீழே பழசு அழுகி ஒழுகியது. கடைசியில் ஒரு நாள் புழுக்கள் வரிசையாகக் கிளம்பி லேனைக் கடந்து பட்டாபி வீட்டு வாசற்கோலம் வரைக்கும் வந்தன. தலைவரைப் பார்க்க வந்த முதல் பயனாளிகள் அவைதாம்.

அந்த நேரம் பார்த்துத்தான் கடிதம் வந்தது. அகில இந்திய வளமீட்பு மன்றத்தின் விருதுக்குழு, நாட்டின் சிறந்த உர மையத்தைத் தேர்ந்தெடுக்க, வெள்ளிக்கிழமை நேரில் வருகிறது.

பட்டாபி லாரி பிடித்தார். மூன்று தொட்டிகளையும் சுரண்டி, விதுரா வழியாக மலைப்பக்கம் ஏதோ ஒரு ரப்பர் தோட்டத்துக்கு அனுப்பினார். தோட்டத்துச் சொந்தக்காரர் துபாயில் இருக்கிறார் என்பது அந்தத் தோட்டத்தின் தகுதி. தொட்டிகளைக் கழுவி, பச்சை பெயிண்ட் அடித்து, சந்தனம் குங்குமம் வைத்தார்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் ஸ்ரீஜித் தலையில் கைவைத்தான்.

“சார்! அவங்க பாக்க வரதே அதைத்தானே?”

வெள்ளிக்கிழமை காலை ‘வள உற்பத்தி முகாம்’ என்று லேன் முழுக்க அறிவிப்பு. சாலைச் சந்தையிலிருந்து மூட்டை மூட்டையாகக் காய்கறி வந்து இறங்கியது. பெண்கள் எல்லாரும் வந்து தோல் சீவவேண்டும். வருகிற சிவப்பு அட்டைக்காரர்களுக்கு மன்னிப்பு.

“நீலா, இன்னைக்கு ஒரு நாள் போயிட்டு வந்துரு. தண்ணி வரும்” என்றார் அழகியநம்பி.

“அதுக்கென்ன, போறேன். காயி நறுக்கதுக்கு எனக்குச் சொல்லணுமா?”

கொட்டகைக்கு முன்னால் பந்தல். நீலாம்பாள், சரஸ்வதியம்மாள், இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர் அரிவாள்மணையும் கத்தியுமாக உட்கார்ந்தார்கள். ஒரு பக்கம் தோல் குவிந்தது: பீர்க்கை, புடலை, வாழை, பூசணி, தர்பூசணி, கொட்டையோடு மாங்காய். இன்னொரு பக்கம் தோலில்லாத காய்கள் வெட்கம் கெட்டுக் கிடந்தன. முருங்கைக்காய் மட்டும் அன்று சந்தையில் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் இயக்கத்தின் வரலாறு வேறு மாதிரி போயிருக்கும்.

“தம்பி, இந்தக் காயெல்லாம் என்ன செய்ய?” என்று நீலாம்பாள் கேட்டாள்.

“அது நம்ம ஸ்கோப்பில் வராது ஆன்ட்டி. நமக்குத் தோல்தான்.”

“வெயில்ல கெடந்து கெட்டுப் போயிரும்லா.”

“கெட்டா நல்லதுதானே!”

அந்த ஒரு வார்த்தையை அவன் சொல்லியிருக்கக்கூடாது. நீலாம்பாள் எழுந்து பட்டாபியிடமே போய்விட்டாள். வருகிறவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு வேண்டாமா என்று கேட்டாள். பட்டாபிக்கு அது தன்னுடைய யோசனையாகத் தோன்றியது. அசோசியேஷனின் எவர்சில்வர் தட்டுகளையும் அண்டாக்களையும் எடுத்துத் தரச் சொல்லி, தோலைத் தொட்டிகளில் நிரப்பி வைக்கவும் சொல்லிவிட்டு, ஸ்ரீஜித்தோடு மாலைகளை எடுத்துக்கொண்டு விமான நிலையத்துக்குப் போனார்.

விமானம் தாமதம். மாலைகள் வாடின. இங்கே காய்கள் அவியலாகவும் கூட்டாகவும் சாம்பாராகவும் மாறி முடிந்தன. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. எண்ணெய் மிச்சமிருந்தது. தோல்குவியல் கண் முன்னால் இருந்தது.

வேண்டுமென்றே செய்தாயா என்று அழகியநம்பி பின்னால் கேட்டபோது நீலாம்பாள் ஒன்றுதான் சொன்னாள். “கையி சும்மா இருக்கலங்க.”

பீர்க்கந்தோல் முதலில் போயிற்று. உளுந்தும் மிளகாய் வத்தலும் சேர்த்து ஆட்டுக்கல்லில் அரைத்தாள் சரஸ்வதியம்மாள். வாழைத்தோலுக்கு ரெம்யா தராசை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள்; தேங்காய் சேர்க்கணுமா என்பதையும் அன்று தெரிந்துகொண்டாள். தர்பூசணியின் வெள்ளைச்சதை மோர்க்குழம்பில் விழுந்தது. பூசணித்தோல் பச்சடி. புடலங்காய்க்குடல் துவையல். மாம்பருப்பை மட்டும் என்ன செய்வது என்று ஒரு கணம் பேச்சு நடந்தது, அதுவும் குழம்பாயிற்று. குழுவின் கார் லேனுக்குள் திரும்பியபோது, ஒரு டார்கெட்டுக்கு ஒதுக்கிய தோல் முழுவதும் பதினோரு பாத்திரங்களில் தாளிதம் செய்யப்பட்டிருந்தது.

குழுத்தலைவர் நல்ல பசியில் இருந்தார். ஆள் கனமானவர். முதலில் சாப்பாடு, பிறகு ஆய்வு என்றார். துவையலை நாலு முறை வாங்கினார். தட்டை வழித்த சத்தம் பந்தலுக்கு வெளியே கேட்டது. ஒரு பருக்கை மிஞ்சவில்லை. பட்டாபி அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, விசேஷமான பதார்த்தங்கள் என்று பெருமையாகப் பரிமாறச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு கொட்டகைக்குப் போனார்கள். பட்டாபி முதல் தொட்டியின் மூடியை இரண்டு கையாலும், ரோஜா இதழ் தூவி, திறந்தார்.

பச்சை பெயிண்ட் பளபளத்தது. அடியில் ஒரு பல்லி இருந்தது. வேறொன்றும் இல்லை.

இரண்டாவது தொட்டியில் பல்லியும் இல்லை.

ஸ்ரீஜித்தின் கையிலிருந்து டாப்லெட் நழுவியது. பட்டாபி நீலாம்பாளைத் தேடினார். அவள் அண்டா கழுவிக்கொண்டிருந்தாள். தோல் எங்கே என்று அவர் கண்ணால் கேட்டார். அவள் குழுத்தலைவரின் வயிற்றைக் கண்ணால் காட்டினாள்.

குழுத்தலைவர் தொட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. மிளகாய் வத்தலாகவும் இருக்கலாம்.

“நாடு முழுக்கச் சுற்றிவிட்டேன். எங்கே போனாலும் தொட்டி நிரம்பி வழிகிறது. காலித் தொட்டியை இங்கேதான் பார்க்கிறேன். இதை எப்படிச் சாதித்தீர்கள்?”

சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தவர்களுக்கு ஒரு பயிற்சி உண்டு. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பதற்கு அவர்களுக்கு ஜன்னல் தேவையில்லை. பட்டாபி மைக்கை வாங்கினார்.

“ஆரம்பத்துலேர்ந்தே இதுதான் எங்க கொள்கை. தொட்டியை நிரப்பறது சாதாரண மனுஷா பண்றது. நாங்க தொட்டி வச்சதே, அதுல ஒண்ணும் போடப்படாதுங்கறதுக்குத்தான். இந்த லேன்ல ஒரு தோலைக்கூட நாங்க வெளியில விடறதில்லை. நானே வெண்டைக்காயைக் காம்போட சாப்பிடறேன். மிச்சம் வைக்கறவாளுக்கு இங்கே இடமில்லை. தண்ணியும் இல்லை!”

கைதட்டினார்கள். ஸ்ரீஜித் டாப்லெட்டைப் பொறுக்கி, தலைப்பை மாற்றிக்கொண்டிருந்தான்.

‘பூஜ்யக் குடியிருப்பு’ என்று விருது கிடைத்தது. பரிசு: இன்னும் ஐந்து தொட்டிகள்.

அன்று சாயங்காலம் பட்டாபி வால்வைத் திறந்தார். நீலாம்பாள் குடம், அண்டா, சொம்பு, பெரிய தம்ளர் என்று வீட்டில் உள்ள எல்லாவற்றிலும் பிடித்து வைத்தாள். அழகியநம்பி வீட்டிலேயே குளித்தார். இரண்டு தடவை குளித்தார். மறுநாள் சனிக்கிழமை சந்தையில் முருங்கைக்காய் வந்திருந்தது. சந்தோஷத்தில் ஒரு கட்டே வாங்கிக்கொண்டு வந்தார். சாம்பார் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பழைய வழக்கப்படி, வாளியோடு கொட்டகைக்குப் போனார். புதுப் பலகை மாட்டியிருந்தது. எல்லா வீட்டாரும் தினமும் வாளியைக் கொண்டுவந்து எடை போட்டுக் காட்டவேண்டும். எடை பூஜ்யமாக இருக்கவேண்டும். வாளியே கொண்டுவராவிட்டால் மறைப்பதாகக் கருதப்படும்.

அவருக்கு முன்னால் அனூப்பும் ஷில்பாவும் வெறும் வாளியை வைத்து, பூஜ்யம் வாங்கிக்கொண்டு போனார்கள். இப்போது கழக்கூட்டத்திலேயே தின்று, அங்கேயே போட்டுவிட்டு வருகிறார்கள். இந்த மாதமும் வளநாயகர் அவர்கள்தான் என்று பேச்சு.

ரெம்யா அவருடைய வாளியைத் தராசில் வைத்தாள். எண்ணைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். கண் கேமரா இருக்கிற பக்கம் ஒருமுறை போய் வந்தது.

“அண்ணாச்சி… நாற்பது கிராம்.”

“அன்னைக்கும் அதுதானே மோளே இருந்துது?”

“அன்னைக்குப் போதாது. இன்னைக்குக் கூடுதல்.”

பட்டாபி சாவியோடு வந்தார். இந்தத் தடவை ‘கோவிந்தா’வில் கொஞ்சம் துக்கம் இருந்தது. “விருது வாங்கின லேன், நம்பி. உம்ம ஒருத்தரால பேர் கெடப்படாது. ஒரு வாரம் பூஜ்யம் காட்டுங்கோ, திறந்து விடறேன்.”

மத்தியானம் அழகியநம்பி சாப்பிட உட்கார்ந்தார். நேற்று வாங்கிய முருங்கைக்காய்க் கட்டில் பாதி மீதம் இருந்தது. நீலாம்பாளால் அதை எறிய முடியாது. எறிந்தாலும் எடை காட்டும். தட்டில் சாம்பார், சாம்பாரில் விரல் நீளத்துக்கு ஆறு முருங்கைத் துண்டுகள். அவர் ஒன்றை எடுத்துக் கடித்து, இழுத்து, சதையைச் சப்பினார். சக்கை வாயில் நின்றது. தட்டின் ஓரத்தைப் பார்த்தார். கொல்லைக்கதவு வழியாகக் கறிவேப்பிலை மரத்தைப் பார்த்தார். தூரில் சிமெண்ட் வெள்ளையாகத் தெரிந்தது. இலை பாதி கொட்டியிருந்தது.

மனைவியைப் பார்த்தார்.

“என்னத்தப் பாக்கிய? முழுங்குங்க” என்றாள் நீலாம்பாள்.

“ஏளா, நார்லா இது…”

“தண்ணி வேணுமா வேண்டாமா?”

அவர் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். தொண்டையில் அது குறுக்கே நின்றது. கண்ணில் நீர் முட்ட, பேச்சு வராமல், தம்ளரைக் காட்டிச் சைகை செய்தார். நீலாம்பாள் அண்டாவில் சொம்பை விட்டாள். முந்தாநாள் பிடித்துவைத்தது அடிக்கு வந்துவிட்டது. சொம்பு அண்டாவைத் தட்டிய சத்தம் கேட்டது. சாய்த்துச் சாய்த்து அரைத் தம்ளர் சேர்த்துக் கொண்டுவந்து நீட்டினாள்.

“பாத்துக் குடிங்க” என்றாள். “இன்னும் அஞ்சு துண்டு இருக்கு.”